ஆசிரியர் பெயரையும் அச்சிடுங்கள், ஒலிபெருக்கியை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும் ஒரு நோட்டீஸைப் பற்றி எழுதுகிறோம். "பிரெஞ்சு இசையமைப்பாளர்களும் அவர்களின் ஆசிரியர்களும்" என்று தலைப்பு. வயலின், செலோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின்), பியானோ என மூன்றே வாத்தியம். தோட்டப்புறத்து ஊருக்கு இப்படியொரு கச்சேரி வருவது நல்ல சேதி. ஏற்பாட்டாளர்களுக்கு முதலில் நன்றி.

ஆனால் தலைப்பில் ஆசிரியர்கள் என்று போட்டுவிட்டு, உள்ளே யார் யாருக்கு ஆசிரியர் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்ததாக, "அதிரடி ஒலி அமைப்பு" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, ரவேல் இந்த மூன்று வாத்தியங்களுக்கும் எழுதிய பியானோ டிரியோவிலிருந்து "நேரம் கருதி இரண்டு பகுதிகள் மட்டும்" வாசிக்கப்படுமாம். இந்த மூன்றையும் திருத்த இன்னும் காலம் இருக்கிறது. ஏன் திருத்த வேண்டும், எப்படித் திருத்தலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் சங்கீதத்தில் ஒருவர் பாடி முடித்ததும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "யாரிடம் பாடம்?" என்பதுதான். பாரிஸிலும் அப்படியே. லூயி நீதர்மேயர் என்பவர் அங்கே தேவாலய இசைக்காக ஒரு பள்ளி நடத்தினார். 1854-இல் கபிரியேல் ஃபோரே ஒன்பது வயதுப் பையனாக அதில் சேர்ந்து, 11 ஆண்டுகள் அங்கேயே தங்கிப் படித்தார். 1861-இல் நீதர்மேயர் இறந்த பிறகு பியானோ வகுப்புக்கு வந்தவர் காமி சான்-சான்ஸ். அப்போது அவருக்கு வயது 25; மாணவரைவிடப் பத்தே வயது மூத்தவர். பாடத்திட்டத்தில் இருந்தது பழைய தேவாலய இசை. அவரோ வகுப்பு நேரம் தாண்டியும் பிள்ளைகளை உட்கார வைத்து ஷூமான், லிஸ்ட், வாக்னர் என்று அன்றைய புது இசையை வாசித்துக் காட்டினார். அந்த ஆசிரியர்–மாணவர் உறவு 1921-இல் சான்-சான்ஸ் கண் மூடும்வரை அறுந்துபோகவில்லை.

1896-இல் ஃபோரே பாரிஸ் கன்சர்வேட்வார் என்ற இசைக் கல்லூரியில் இசையமைப்பு ஆசிரியரானார். மோரிஸ் ரவேல், நாதியா பூலான்ஜே, ருமேனியாவின் எனெஸ்கு எல்லாரும் அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர்கள். 1900-இல் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்) தேர்வில் பரிசு பெறவில்லை என்பதற்காக விதிப்படி ரவேலின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் 1903 வரை ஃபோரேயின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு முடித்த தன் நால்வர் இசையை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான படைப்பை) "என் அன்புக்குரிய ஆசான்" என்று எழுதி ஃபோரேக்கே காணிக்கையாக்கினார். 'ரோம் பரிசு' என்ற அரசுப் போட்டியில் ஐந்து முறை நின்றும் முதல் பரிசு கிடைக்கவில்லை. 1905-இல் முதல் சுற்றிலேயே அவரைக் கழித்துவிட்டதும் பத்திரிகைகளில் பெரிய கலகம் வந்தது. கன்சர்வேட்வாரின் இயக்குநர் தெயோதோர் துய்புவா விலக, அந்த நாற்காலியில் ஃபோரே வந்து அமர்ந்தார்.

ரவேலுக்கு இன்னோர் ஆசிரியரும் உண்டு. ஆந்த்ரே ஜெதால்ஜ், எதிரிசையும் (ஒரே நேரத்தில் பல மெட்டுகளைப் பின்னும் கலை) ஃபியூக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்று வெளியே அதிகம் தெரியாத பெயர். ஆனால் தன் தொழில்நுட்பத்தில் மதிப்புள்ளதெல்லாம் ஜெதால்ஜிடமிருந்து வந்தது என்று ரவேலே பிற்காலத்தில் எழுதிவைத்தார். நோட்டீஸில் அரைகுறையாக அறிவித்திருக்கும் அந்த 1914 டிரியோவின் முதல் பக்கத்தில் அச்சாகியிருப்பது ஜெதால்ஜின் பெயர்தான். ஆசிரியர்களைக் கொண்டாடும் கச்சேரியில் அதை மட்டும் பாதியாக வெட்டுவது நியாயமா?

நிரலில் வேண்டிய உருப்படிகள் ஏறக்குறைய எல்லாம் இருக்கின்றன, வரிசைதான் கலைந்து கிடக்கிறது. எங்கள் யோசனை இது. சான்-சான்ஸின் 'அன்னம்', செலோவும் பியானோவும், 3 நிமிடம். 1886-இல் எழுதிய விலங்குகள் தொகுப்பிலிருந்து தம் வாழ்நாளில் அவர் அச்சிட அனுமதித்த ஒரே பகுதி இதுதான். அடுத்து ஃபோரேயின் 'எலெஜி', 7 நிமிடம். இது முதன்முதலில் ஒலித்தது 1880 ஜூனில் சான்-சான்ஸின் வீட்டுக் கூடத்தில், அதாவது ஆசிரியர் வீட்டில். மூன்றாவது, ரவேல் 1922-இல் எழுதிய 'கபிரியேல் ஃபோரே பெயரில் ஒரு தாலாட்டு', வயலினும் பியானோவும், 3 நிமிடம். பிறகு லிலி பூலான்ஜேயின் 'நாக்டர்ன்', அதுவும் 3 நிமிடம். அவர் நாதியாவின் தங்கை. 1913-இல் இசையமைப்புக்கான ரோம் பரிசை வென்ற முதல் பெண். 24 வயதில் 1918-இல் மறைந்தவர். முற்பகுதியின் கடைசியில் அக்காள் நாதியாவின் செலோ–பியானோ சிறு உருப்படிகள் மூன்று, 8 நிமிடம். எல்லாம் கூட்டினால் 24 நிமிடம். இடைவேளைக்குப் பிறகு ரவேலின் டிரியோ முழுவதுமாக, நான்கு பகுதியும், 27 நிமிடம். பேச்சுக்குப் பத்து, இடைவேளைக்கு இருபது போட்டாலும் எண்பது நிமிடத்தைச் சற்றே தாண்டும். நம் ஊரில் வரவேற்புரை மட்டுமே அதில் பாதி ஓடியதுண்டு. நேரம் கருதி வெட்ட வேண்டியது எது என்பதை ஏற்பாட்டாளர்கள் முடிவுசெய்யட்டும்.

நாதியாவைப் பற்றி பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: மைக்கல் ஜாக்சனின் இசைத்தட்டுகளைத் தயாரித்த குவின்சி ஜோன்ஸ் பாரிஸ் போய்ப் பாடம் கேட்டது இந்த அம்மையாரிடம்தான். இசையமைப்பாளர்கள் கோப்லண்டும் பியட்சோலாவும் பிலிப் கிளாஸும் இவர் மாணவர்கள்தாம்.

தாலாட்டு உருப்படியை முன்கூட்டியே தமிழ்ப்பள்ளியில் ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம், ஒரு அர்மோனியம் போதும். மேற்கத்திய சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து. ஆங்கில அகரவரிசையை ஏழேழாக வரிசைக்குக் கீழ் வரிசையாக எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் ஏதாவது ஒரு சுரத்தின் கீழ் வந்து விழும். எச் என்பது ஏ-யின் கீழ், ஐ என்பது பி-யின் கீழ், ஆர் என்பது டி-யின் கீழ். அப்படி 'கபிரியேல் ஃபோரே' என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாற்றினால், சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், ப த நி ரி நி க க, ம த ப ரி க என்று வருகிறது. கறுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் சங்கராபரணத்துச் சுரங்கள். தாளில் பார்க்க எழுத்து விளையாட்டு மாதிரி இருக்கும், வாசித்தால் தூங்க வைக்கும் பாட்டு. பிள்ளைகள் தங்கள் வகுப்பாசிரியர் பெயரையும் இப்படி மாற்றிப் பார்க்கலாம்.

இனி டிரியோவின் இரண்டாம் பகுதி. நோட்டீஸில் 'பண்டும்' என்று அச்சாகியிருக்கிறது. சரியான பெயர் 'பாந்தூம்'. அது வேறொன்றுமில்லை, நாலடி மலாய்ப் பாட்டான நம் நாட்டுப் பந்துன்தான்! விக்டர் ஹியூகோ 1829-இல் வெளியிட்ட 'லே ஓரியந்தால்' கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில் எர்னஸ்ட் ஃபுயினே என்பவர் மொழிபெயர்த்த ஒரு மலாய்ப் பந்துனைச் சேர்த்திருந்தார். அந்த வழியாகப் பிரெஞ்சுக் கவிஞர்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். 85 ஆண்டு கழித்து ரவேல் அதை இசைக்குக் கொண்டுவந்தார். 2020-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்மொழிந்த பந்துனை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது நினைவிருக்கும்.

ரவேல் எடுத்தது பந்துன் பெர்காயிட், சங்கிலிப் பந்துன். ஒரு பாட்டின் 2, 4 ஆம் அடிகள் அடுத்த பாட்டின் 1, 3 ஆம் அடிகளாகத் திரும்பி வரும். நமக்கு அந்தாதி தெரியும்; அதில் பெரும்பாலும் கடைசிச் சொல்தான் அடுத்த பாட்டுக்குப் போகிறது, இங்கே முழு அடியே போகிறது. ஒரு பாட்டுக்குள்ளேயே இரண்டு ஓட்டம் உண்டு. முதல் இரண்டடி ஏதோ ஒரு காட்சியைச் சொல்லும், பின்னிரண்டடி மனத்தில் உள்ளதைச் சொல்லும். விளக்கத்துக்காக எட்டு அடி கட்டியிருக்கிறோம். கவிஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செம்பனை ஓலையில் மழைத்துளி ஆடும்
செம்மண் பாதையில் லாரிகள் ஏறும்
அம்மா பாட்டைப் பிள்ளை பாடும்
ஆசான் மூச்சு அதில்வந்து சேரும்

செம்மண் பாதையில் லாரிகள் ஏறும்
சேற்றில் சக்கரச் சுவடுகள் தங்கும்
ஆசான் மூச்சு அதில்வந்து சேரும்
ஆண்டுகள் கழிந்தும் அவ்வொலி முழங்கும்

லாரி ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. ரவேலும் அப்படித்தான் இரண்டு கருத்துகளை எடுத்துக்கொள்கிறார். ஒன்று கொத்திக் கொத்தித் துள்ளும். மற்றது வழுக்கிக்கொண்டு நீளும். இரண்டையும் மாற்றி மாற்றி நகர்த்துகிறார். நடுவில் இன்னும் துணிச்சலான காரியம் செய்கிறார். வயலினும் செலோவும் 3/4-இல், அதாவது மூன்று மூன்று எண்ணிக்கையாக, விடாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பியானோ 4/2-இல், நீண்ட நான்கு எண்ணிக்கையாக, அகலமாக, பிரார்த்தனைப் பாட்டு மாதிரி இறங்குகிறது. பிறகு ஆள் மாறுகிறார்கள். வாசிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒவ்வொருவரும் தன் தாளத்தின் முதல் அடியைச் சற்று அழுத்தினால் போதும், மூவரும் கலைந்துபோவார்கள். அழுத்தாமல், பொதுவான துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கேட்பவர்களுக்கு எங்கள் யோசனை: ஏதாவது ஒரு தாளத்தை மட்டும் விரலில் போடுங்கள், மற்றது தானாகக் காதில் விழும். மேடையில் வாசிக்குமுன் உள்ளூர் மலாய் ஆசிரியர் ஒருவரை அழைத்துச் சங்கிலிப் பந்துன் இரண்டு கண்ணி சொல்லச் செய்தால், அந்த இரண்டு நிமிடம் எந்த உரையையும்விட நன்றாக விளக்கும்.

முதல் பகுதியின் தாளமும் நமக்கு அந்நியமில்லை. எட்டு எண்ணிக்கை, ஆனால் 3+2+3. வாயால் சொன்னால் தகிட தக தகிட. ரவேலின் தாய் பாஸ்க் இனத்தவர். இந்தக் கருப்பொருளில் பாஸ்க் வண்ணம் இருப்பதாக அவரே சொன்னதுண்டு. எழுதிய இடமும் அந்தப் பகுதிதான், சான்-ழான்-த-லூஸ், 1914-இன் கோடை. ஆகஸ்டில் போர் மூண்டது. படையில் சேரும் அவசரத்தில், ஐந்து மாத வேலையை ஐந்து வாரத்தில் முடித்ததாக எழுதினார். இந்தப் பகுதியில் வழக்கமாக நடக்கும் தவறு, எட்டைப் பார்த்ததும் நாலும் நாலுமாக எண்ணிவிடுவது. ஐந்தாவது எண்ணிக்கையில் அழுத்தம் விழுந்தால் பாட்டு ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் இதை முதல் கேட்டலிலேயே பிடித்துவிடுவார்கள். கடைசிப் பகுதியில் 5/4, 7/4 என ஐந்தும் ஏழும் வருகின்றன, அதுவும் அவர்களுக்குப் பழகிய கணக்குதான். மூன்றாம் பகுதியைப் பற்றி ஒன்று மட்டும்: எட்டு அளவை (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு மெட்டு பியானோவின் அடித்தளத்தில் தனியாகத் தொடங்கி, செலோவுக்கு ஏறி, பிறகு வயலினுக்குப் போகிறது, ஏறிய வழியிலேயே இறங்கிப் பியானோவில் அடங்குகிறது. மண்டபம் மிக மிக அமைதியாக இருக்க வேண்டிய நேரம் அது.

அதனால்தான் ஒலிபெருக்கி வேண்டாம் என்கிறோம். சேம்பர் இசை என்றாலே அறைக்குள் வாசிக்க எழுதியது. எங்கே மெலிய வேண்டும், எங்கே யார் மேலே வரவேண்டும் என்பதையெல்லாம் எழுதியவரே தாளில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பியானோ இரண்டு தந்தி வாத்தியங்களையும் விழுங்கிவிடும் என்பது இந்த வகைக்கே உள்ள பழைய தொல்லை. ரவேல் அதைத் தீர்த்த விதம் அழகானது. பல இடங்களில் வயலினையும் செலோவையும் இரண்டு ஸ்தாயி தள்ளி ஒரே மெட்டில் நிறுத்தி, பியானோவின் வலக்கையை அந்த இடைவெளிக்குள் விடுகிறார். இதை மூன்று மைக்கில் பிடித்து, கலியாண வீட்டு ஸ்பீக்கரில் இரு பக்கமும் விட்டால் அந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும். மெல்லிய இடத்தை ஒலிப் பொறுப்பாளர் தூக்கிவிடுவார், உரத்த இடத்தைக் குறைப்பார். வாசிப்பவர் ஒரு பக்கம் இருப்பார், சத்தம் வேறு பக்கத்திலிருந்து வரும். 120 நாற்காலி போடும் மண்டபத்துக்கு இது தேவையே இல்லை. அறிமுகம் பேச ஒரு மைக் போதும். பேசி முடித்ததும் மைக்கை மட்டுமல்ல, ஆம்பிளிஃபயரையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கடைசிவரை கூடவே வரும்.

மண்டபத்தைத் தயார்செய்வது பெரிய செலவில்லை. நம் ஊர் டேவான்களின் (பொது மண்டபங்களின்) அச்சு ஒன்றுதான்: மொசைக் தரை, சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, ஒரு முனையில் திரைபோட்ட மேடை. முதலில் அந்த மேடையை மறந்துவிடுங்கள். பக்கத்திரைகளும் மேல்திரையும் பாதி ஒலியைக் குடித்துவிடும். நீளச் சுவர் ஒன்றின் நடுவில், தரையிலேயே இடம் ஒதுக்குங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, எட்டுக்கு நாலு அடியில் இரண்டு. பக்கத்தில் பக்கமாகப் போட்டு, அடியில் நாலு அங்குலக் கட்டைச் சட்டம் கொடுத்தால் எட்டடிச் சதுர மேடை கிடைக்கும். வயலினும் செலோவும் அதன்மேல். செலோவின் ஊன்றுமுள் மரத்தில் குத்தி நிற்கும். உள்ளீடற்ற பலகை அதன் அடிக்குரலுக்கு உடம்பு கொடுக்கும். வெறும் மொசைக்கில் உட்கார வைத்தால் முள் வழுக்கும், வாசிப்பவர் முழங்காலால் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். நாற்காலி கை இல்லாததாக, தட்டையான, கெட்டியான இருக்கையோடு இருக்கட்டும். விருந்துகளுக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கம் சரியும். அதில் செலோ வாசிக்க முடியாது.

பியானோ தரையிலேயே இருக்கட்டும். கிராண்ட் பியானோ ஏறக்குறைய 300 கிலோ எடை. அது மூன்று கால்களில் இறங்குகிறது. தற்காலிக மேடையில் ஏற்றினால் ஏதாவது ஒரு கால் பலகையைத் துளைக்கும். விசைகள் சபையிலிருந்து பார்க்க இடப்பக்கம், மூடி சபையை நோக்கித் திறக்க வேண்டும். வயலின் இடப்பக்கம், செலோ பியானோவின் வளைவையொட்டி. எதிரெதிர்ச் சுவர்கள் கெட்டியான இந்த மண்டபத்தில் மூடி குட்டைக் கம்பில் நின்றால் போதும். மூடிக்குப் பின்புறம் நாற்காலி போடாதீர்கள், அங்கே மங்கலாகத்தான் கேட்கும். அரைவட்டமாகப் போட்டால் கடைசி வரிசைகூட முப்பது அடிக்குள் அடங்கும்.

காலி மண்டபத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று நடுங்கிக்கொண்டே அடங்கினால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். ஒரு சுவரில் மட்டும் கனமான போர்வையோ பழைய திரையோ மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் போகும். இரண்டு சுவரிலும் தொங்கவிட்டால் ஒலி செத்துவிடும். மேல்விசிறியை வாசிப்பின்போது நிறுத்த வேண்டும். இலைகள் ஒலியை வெட்டி வெட்டி விடுவதால் நீண்ட சுரம் அலைபாயும், தாளும் பறக்கும். பழைய குழல்விளக்குகளின் சோக் முனகுவதும் சின்ன விஷயமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முனகல் 100 ஹெர்ட்ஸ். செலோவின் ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். செலோ அந்தத் தந்தியைத் திறந்து வாசிக்கும்போது நொடிக்கு இரண்டு முறை விம்மல் கேட்கும். எல்.இ.டி. விளக்கு போடுங்கள், அல்லது மேடைப்பக்கக் குழல்களை மட்டுமாவது அணையுங்கள்.

சுவரோரம் நிற்கும் பள்ளி அப்ரைட் பியானோவை வைத்து ஒப்பேற்றலாமா என்று கேட்பார்கள். முற்பகுதிக்கு ஒப்பேற்றலாம். டிரியோவுக்கு ஆகாது. ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப அடிக்க, விசை முழுதும் மேலே வருமுன் சுத்தியல் மறுபடி தயாராக வேண்டும். அந்தப் பொறியமைப்பை உருவாக்கியவர் செபாஸ்தியன் எரார், 1821-இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது; இன்றுவரை கிராண்ட் பியானோவில் இருப்பது அதன் வழிவந்தது, சாதாரண அப்ரைட்டில் இல்லை. 'பாந்தூம்' அங்கே தடுக்கி விழும். மூன்றாம் பகுதியின் அடிக்குரலும் குட்டைத் தந்தியில் கொழகொழவென்று போகும். ஈப்போவிலிருந்து ஒரு சிறிய கிராண்டை வாடகைக்கு ஏற்றிவர ஒரு மணி நேரம்கூட ஆகாது. செலவை அந்தப் பக்கம் திருப்புங்கள். ஒலி அமைப்புக்கு ஒதுக்கிய பணமே கணிசமாகத் தாங்கும்.

அதைவிட முக்கியம் ஈரக்காற்று. பியானோவின் ஒலிப்பலகை மரம். ஈரத்தில் உப்பும், தந்தி இறுகும், சுருதி ஏறும், நடுஸ்தாயியில்தான் அதிகம். ஏர்கோன் போட்டதும் காய்ந்து இறங்கும். சனிக்கிழமை ஏர்கோன் இல்லாமல் டியூன் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏர்கோன் போட்டுக் கச்சேரி நடத்தினால் நடுப்பகுதி மட்டும் தொங்கிப்போயிருக்கும். டியூனரைக் குறை சொல்லிப் பயனில்லை. பியானோ முந்தின நாள் காலையிலேயே வந்து இறங்கட்டும். கச்சேரியின்போது இருக்கப்போகும் அதே குளிரில் மண்டபத்தை வைத்து, மாலையில் ஒரு முறை, மறுநாள் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு ஒரு முறை டியூன் செய்ய வேண்டும். இரவு முழுக்க ஏர்கோன் ஓட்ட வசதியில்லை என்றால், மறுநாளும் ஓட்டாமல் சன்னலைத் திறந்து வைப்பதே மேல். ஏ சுரம் 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்பதை வாசிப்பவர்களிடம் முன்பே கேட்டு டியூனருக்குச் சொல்லிவிடுங்கள். மேடையில் வந்து பேசிக்கொள்ளும் விஷயமில்லை அது.

வயலினுக்கும் இதே கதைதான். வெளியே முறுக்காணி உப்பி அசையாது. குளிருக்குள் வந்ததும் சுருங்கி நழுவும். வில்லின் குதிரைமுடி ஈரத்தில் நீண்டு தொய்யும். தொடங்க ஒரு மணி நேரம் முன்பாவது பெட்டியைத் திறந்து வைத்து மண்டபத்தின் காற்றுக்குப் பழக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வாத்தியத்தை விட்டால் பசை இளகி ஓரம் பிளக்கும். தந்தி அறுந்தால் கோயிலில் வாசிக்கும் பிள்ளையின் வயலினை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அது ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தது. அவசரத்தில் மேற்கத்திய சுருதிக்கு ஏற்றினால் மேல்தந்தி அதுவும் அறும். மாற்றுத் தந்தி ஒரு முழுச் செட் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும்.

நோட்டீஸில் உள்ள இரவு 7.30 மணி சரியான நேரமல்ல. அந்தி நேர மக்ரிப் தொழுகைக்கான பாங்கு அதையொட்டி, இரவுத் தொழுகையான இஷா எட்டரையையொட்டி. பக்கத்துப் பள்ளிவாசலுக்கும் மரியாதையில்லை, இசைக்கும் நல்லதில்லை. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை தகரக் கூரையில் இறங்கினால் மூன்றாம் பகுதி யாருக்கும் கேட்காது. ஞாயிறு காலை 10.30-க்கு வையுங்கள். தோட்டத்தில் அன்று ஆள் கூப்பிடும் பெரட்டு இல்லை, மழைக்கு வாய்ப்புக் குறைவு, நண்பகல் லொஹோர் பாங்குக்குள் முடிந்துவிடும், வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

வரவேற்பும் பொன்னாடையும் கடைசியில் இருக்கட்டும். சுருதி சேர்த்துவிட்டு அரை மணி நேரம் உரை கேட்டு உட்கார்ந்தால் தந்தி இறங்கும், குளிரில் விரலும் விறைக்கும். மாலை போடும்போது வாத்தியம் கையில் இருக்கக் கூடாது. ஈர மல்லிகை வார்னிஷைக் கெடுக்கும். குத்துவிளக்கை வாசலில் ஏற்றலாம். பியானோ வாசிப்பவருக்குத் தாள் புரட்ட ஒருவர் வேண்டும். அவர் இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, எழுந்து நின்று, இடக்கையால் மேல்மூலையைப் பிடித்துப் புரட்ட வேண்டும். சுரம் படிக்கத் தெரிந்தவராக இருந்தால்தான் சரி. நான்கு பகுதியும் முடிந்த பிறகு கைதட்டும்படி நோட்டீஸிலேயே ஒரு வரி போடலாம். நடுவில் யாராவது தட்டிவிட்டால் முறைக்க வேண்டாம். நம் கச்சேரிகளில் நல்ல இடத்தில் தட்டுவதுதான் வழக்கம்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: உள்ளூர் ஊராட்சி மன்றத்தின் கேளிக்கை உரிமம் தேவைப்படும். வாசிப்பவர் வெளிநாட்டவர் என்றால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நம் சட்டப்படி பதிப்புரிமை, படைத்தவர் மறைந்த பிறகு 50 ஆண்டு. சான்-சான்ஸ், ஃபோரே, ரவேல், லிலி எல்லாருக்கும் அது முடிந்துவிட்டது. நாதியா மறைந்தது 1979-இல். ஆகவே 2029 முடியும்வரை அவருடைய மூன்று உருப்படிக்கு மட்டும் உரிமக் கட்டணம் கேட்டுக் கட்ட வேண்டும்.

நோட்டீஸை மறுபடி அச்சடிப்பதானால் ஒவ்வோர் உருப்படியின் கீழும் இப்படி ஒரு வரி சேர்த்தால் போதும்: "ஃபோரே: சான்-சான்ஸிடம் பாடம்." "ரவேல்: ஃபோரேயிடமும் ஜெதால்ஜிடமும் பாடம்." "நாதியா பூலான்ஜே: ஃபோரேயிடம் பாடம்." 'பண்டும்' என்பதைப் 'பாந்தூம்' என்று திருத்தி, பக்கத்தில் "மலாய்ப் பந்துன் வடிவம்" என்று போடவும்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர்களும் பியானோ டியூனர் ஒருவரும்,
சுங்கை சிப்புட், பேராக்.